150 ரிங்கிட்டுக்கு ஒரு சாம்பல் நிறப் புத்தகம்: அனைத்துலக வாகனமோட்டும் அனுமதி, ஒரு மதிப்பீடு

சாலைப் போக்குவரத்து இலாகா 150 ரிங்கிட் கட்டணத்துக்கு வழங்கும் அனைத்துலக வாகனமோட்டும் அனுமதியைப் பினாங்கில் எடுத்து, வெளிநாட்டில் பயன்படுத்திப் பார்த்தபின் எழுதும் மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவுக்கோ ஜப்பானுக்கோ போய்க் காரோட்ட நினைப்பவர் இதை எடுக்கத்தான் வேண்டும். காரிலேயே தாய்லாந்துக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர் அந்தப் பணத்தைப் பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாடுகளுக்கிடையே உரிமங்களை ஒரே சீராக்கினால் சாலைகள் பாதுகாப்பாகும் என்ற எண்ணத்தின் மிகப் பழைய, இன்றும் புழக்கத்தில் உள்ள வடிவம் இந்தப் புத்தகம்தான் என்பதால், அந்த அளவுகோலாலும் இதை அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் இதற்கு மதிப்பெண் குறைகிறது.

சேவையைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அடையாள அட்டை, நடப்பிலுள்ள உரிமம், கடப்பிதழ் அளவுப் படம், கட்டணம் ஆகியவற்றோடு காலையில் போய் எண் சீட்டு எடுத்து உட்கார்ந்தேன். நண்பகலுக்கு முன்பே புத்தகம் கைக்கு வந்துவிட்டது. முத்திரையின் பாதி படத்திலும் மறுபாதி தாளிலும் விழும்படி பார்த்து அழுத்திய அதிகாரி, எங்கே பயணம் என்று மலாயில் விசாரித்தார். சென்னை என்றதும், உள்ளூர் உரிம அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போகும்படியும், அது இல்லாமல் இந்தப் புத்தகம் தனியாகச் செல்லாது என்றும் அழுத்திச் சொன்னார். முகப்பிடத்தில் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை அதுதான். புத்தகத்துக்கென்று தேர்வு எதுவும் கிடையாது. எந்த நாட்டிலும் இதற்குத் தேர்வு வைப்பதில்லை. உள்நாட்டு உரிமம் இருந்து கட்டணமும் கட்டினால் புத்தகம் உண்டு.

அட்டை சாம்பல் நிறம், உள்தாள்கள் வெள்ளை. அந்த நிறத்தைக்கூட 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் இணைப்புதான் வரையறுத்திருக்கிறது. யோசனை அதைவிடப் பழையது. 1926-இல் பாரிஸில் கூடிய நாடுகள் வகுத்த உடன்படிக்கையிலேயே அனைத்துலக ஓட்டுநர் அனுமதி என்ற தனி ஆவணம் பிறந்துவிட்டது. மலாயா கூட்டரசு, சுதந்திரம் பெற்ற மறு ஆண்டான 1958-இல் ஜெனீவா உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியா 1962-இல் அதை உறுதிசெய்தது. ஜப்பான் 1964-இல் வந்து சேர்ந்தது. ஓட்டுநரின் பெயர், பிறந்த ஊர், பிறந்த தேதி, முகவரி, படம், ஓட்டத் தகுதியுள்ள வாகன வகைகள் ஆகியவற்றுக்கு மேல் புத்தகத்தில் பெரிதாக எதுவும் இல்லை. மற்றப் பக்கங்களில் இதே செய்திதான் மொழிக்கு ஒரு பக்கமாகத் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டிருக்கிறது. ஓராண்டு முடிந்தால் புத்தகம் காலாவதி.

வாகன வகைகளுக்கான ஐந்து கட்டங்கள்தான் இந்தப் பொருளின் உயிர். நம் உரிம அட்டையை எடுத்துப் பார்த்தால் காருக்கு 'டி' என்றும், 250 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு 'பி2' என்றும் போட்டிருக்கும். ஜெனீவா வரிசையிலோ 'ஏ' மோட்டார் சைக்கிள், 'பி' கார், 'சி' 3,500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வாகனம், 'டி' ஓட்டுநரைத் தவிர எட்டுப் பேருக்கு மேல் ஏற்றும் பயணிகள் வாகனம், 'இ' இழுவண்டி பூட்டியது. இந்த வரிசையை மட்டுமே அறிந்த ஓர் ஐரோப்பியப் போலீஸ்காரர் நம் அட்டையை அப்படியே படித்தால், மைவி காரில் பள்ளிக்குப் போய்வரும் பாயான் லெப்பாஸ் ஆசிரியை அவருக்கு பஸ் ஓட்டுநர். கப்சாய் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விநியோகிக்கும் இளைஞன் கார் ஓட்டத் தெரிந்தவன். ஒவ்வொரு நாடும் தன் விருப்பத்துக்கு எழுத்துகளை அடுக்கிக்கொண்டதால் வந்த குழப்பம் இது. அதைத் தீர்க்கும் வேலையை இந்தப் புத்தகம் நன்றாகவே செய்கிறது.

சென்னையில் நாங்கள் போன வாடகைக் கார் கடையில் இருந்த இளைஞர் என் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்எம்வி எங்க சார் போட்டிருக்கு? வெறும் டி-ன்னுதானே இருக்கு" என்றார். இந்திய உரிமத்தில் இலகுரக வாகனத்துக்கு எல்எம்வி என்றும் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு எம்சிடபிள்யூஜி என்றும் எழுதுவதுதான் வழக்கம் என்பதால் அவர் கேட்டதில் தவறில்லை. புத்தகத்தைத் திறந்து 'பி' கட்டத்து முத்திரையைக் காட்டினேன். "இது போதும் சார்" என்று படிவத்தை எடுத்துவிட்டார். கட்டிய 150 ரிங்கிட்டின் பயன் அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

குறையும் அதே மேசையில்தான் வெளிப்பட்டது. எங்களோடு வந்திருந்த என் அண்ணன் மகளிடம் இருப்பது 'டிஏ' உரிமம். தானியங்கி கியர் காரில் மட்டும் பயின்று, அதிலேயே தேர்ச்சி பெற்றவள். கிளட்ச் உள்ள காரை மலேசியச் சாலையில் அவள் ஓட்டினால் அது குற்றம். ஆனால் அவள் புத்தகத்திலும் இருந்தது என்னுடையதில் உள்ள அதே 'பி' முத்திரைதான். கடைக்காரர் அதைப் பார்த்து இரண்டாவது ஓட்டுநராக அவள் பெயரையும் எழுதிக்கொண்டு, கையால் கியர் மாற்றும் காரின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "சித்தப்பா, எனக்கு கிளட்ச் மிதிக்கவே தெரியாது, என் பேரை எடுத்திடச் சொல்லுங்க" என்று அவளே சொன்னதால் பெயர் நீங்கியது. சொல்லாமல் இருந்திருந்தால், அவளைத் தடுக்க அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

இந்தக் குறைக்குக் காரணம் முகப்பிடத்து அதிகாரியும் அல்ல, வாடகைக் கடைக்காரரும் அல்ல. 1949 மாதிரியில் கட்டுப்பாடுகளை எழுதுவதற்கென்று கட்டமே கிடையாது. அதற்குப்பின் 1968-இல் வியன்னாவில் உருவான உடன்படிக்கையின் மாதிரியில், கண்ணாடி அணிந்தே ஓட்ட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. பின்னர் வந்த திருத்தங்களில் 'ஏ1', 'பி1' போன்ற உட்பிரிவுகளும் சேர்ந்தன. அந்த அனுமதி மூன்றாண்டு வரை செல்லுபடியாகலாம். பக்கத்திலுள்ள தாய்லாந்து 2020-இல் வியன்னா உடன்படிக்கையை உறுதிசெய்துவிட்டது. நாம் இன்னும் 1949-லேயே நிற்கிறோம். இந்தச் சேவையில் ஒன்றை மாற்றித் தரச் சொல்ல எனக்கு வாய்ப்பிருந்தால், வரிசையைக் குறைக்கவோ கட்டணத்தைக் குறைக்கவோ கேட்க மாட்டேன். வியன்னா மாதிரிக்கு மாறத்தான் கேட்பேன்.

மோட்டார் சைக்கிள் விஷயத்தில் இந்த ஓட்டை இன்னும் பெரிது. மலேசியாவில் 'பி2' வைத்திருப்பவர் 250 சிசிக்கு மேற்பட்ட வண்டியைத் தொட வேண்டுமானால் முழு 'பி' உரிமத்துக்கு மறுபடியும் பயின்று தேர்வுக்குப் போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 125 சிசி வரை 'ஏ1', 35 கிலோவாட் வரை 'ஏ2', அதற்கு மேல் 'ஏ' என்று வயதையும் அனுபவத்தையும் பார்த்துப் படிப்படியாகத்தான் ஏற விடுகிறார்கள். ஜெனீவா புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே 'ஏ'. நாட்டுக்குள் கவனமாகக் கட்டிய படிகளை எல்லை தாண்டியதும் அது தரைமட்டமாக்கிவிடுகிறது. எதிர்த்திசையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் தஞ்சோங் பூங்காவிலிருந்து பத்து பெரிங்கிக்குப் போகும் சாலையில் ஒரு மாலை நின்றாலே போதும். ஒருபுறம் மலை, மறுபுறம் கடல், இடையில் வளைந்து வளைந்து போகும் குறுகலான பாதை. அதில் ரப்பர் செருப்போடு வாடகை ஸ்கூட்டரில் தள்ளாடிப் போகும் சுற்றுப்பயணிகளிடம் 'ஏ' முத்திரை இருக்கிறதா என்று வண்டியை வாடகைக்கு விடுபவர் கேட்பதை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். உரிய வகையில் உரிமம் இல்லாதவர் விழுந்து கால் முறிந்தால் பயணக் காப்புறுதியும் பொதுவாகக் கைவிரித்துவிடும் என்பது அவர்களில் பலருக்கு மருத்துவமனையில்தான் தெரியவருகிறது. மலேசியச் சாலைகளில் 2023-ஆம் ஆண்டு மாண்டவர்கள் 6,443 பேர். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இந்த நாட்டில் உரிமத்தின் வகைப்பாட்டில் முதலில் ஒழுங்காக இருக்க வேண்டிய கட்டம் அதுதான்.

தாய்லாந்துக்கு இது வேண்டாம் என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் ஓர் ஒப்பந்தம். பினாங்குக்காரர்களுக்கு 1985 என்றால் பாலம் திறந்த ஆண்டு. அதே ஆண்டு ஜூலை 9-ஆம் நாள், புருணை, இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஆறு ஆசியான் நாடுகளும் ஒன்றின் உள்நாட்டு உரிமத்தை மற்றொன்று ஏற்பதாகக் கோலாலம்பூரில் கையெழுத்திட்டன. பள்ளி விடுமுறையில் புக்கிட் காயு ஹீத்தாம் வழியாக ஹாட்யாய்க்குக் குடும்பத்தோடு காரில் போகிறவர்களுக்கு உரிமத்துக்காக ஒரு காசும் செலவில்லாமல் இருப்பது இதனால்தான். (காப்புறுதிக்கும் எல்லைச் சாவடிப் படிவங்களுக்கும் ஆகும் செலவு தனிக் கணக்கு.) ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: தற்காலிக உரிமங்களையும் பயிலுநர் உரிமங்களையும் அந்த ஒப்பந்தம் ஏற்பதில்லை. 'எல்' அட்டை மாட்டியிருக்கும் மகனிடம் எல்லைக்கு அப்பால் சாவியைக் கொடுக்கலாகாது.

பயணிக்கு இந்த ஒப்பந்தம் அருமையான வசதி. ஆனால் அது சமமாக்கியது அட்டைகளை மட்டுமே. அட்டைக்குப் பின்னால் இருக்கும் தேர்வு ஊருக்கு ஊர் வேறாகத்தான் இருக்கிறது. நம் கணினித் தேர்வில் 50 கேள்விகளுக்கு 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. சிங்கப்பூரின் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்விலும் 50 கேள்விகள்தான், ஆனால் 45 வேண்டும். அங்கே வேலைக்குப் போய் நீண்டகாலம் தங்கி, உரிமத்தை மாற்றிக்கொள்ள விரும்பும் மலேசியர் அந்தத் தேர்வை எழுதியே ஆக வேண்டும். ஜப்பான் ஒருபடி மேலே போய்விட்டது. வெளிநாட்டு உரிமத்தை ஜப்பானிய உரிமமாக மாற்ற வருபவர்களுக்கு முன்பு பத்தே கேள்விகள், எழுபது விழுக்காடு போதும் என்றிருந்ததை, 2025 அக்டோபர் முதல் 50 கேள்விகள், தொண்ணூறு விழுக்காடு என்று இறுக்கிவிட்டார்கள். வெளிநாட்டு ஓட்டுநர்கள் ஏற்படுத்திய விபத்துகளைப் பற்றிய பேச்சு அங்கே வலுத்ததன் விளைவு அது. சுற்றிப் பார்க்க வருபவர் புத்தகத்தோடு ஓட்டட்டும், குடியேற வருபவர் தேர்வு எழுதட்டும் என்ற இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகவே படுகிறது.

தேர்வின் தரம் என்று வரும்போது நம் வீட்டுக் கதையையும் பேசாமல் இருக்க முடியாது. தமிழிலேயே கணினித் தேர்வு எழுதும் வசதியைத் தந்திருக்கும் நாடு இது; நம் பாட்டிமார் பலர் உரிமம் எடுத்தது அதனால்தான். அதே நாட்டில்தான் 'கோப்பி ஓ லைசென்ஸ்' என்ற பேச்சும் சந்து பொந்தெல்லாம் புழங்குகிறது. அப்படிக் கையூட்டுக் கொடுத்து வாங்கிய உரிமத்தின்மேலும் அனைத்துலக முத்திரை ஒரே அழுத்தமாகத்தான் விழும். ஒரு நாட்டின் உரிமத்தை இன்னொரு நாடு ஏற்பது என்றால், அந்த நாட்டின் தேர்வுத் திடலையும் அங்கே நடப்பதையும் சேர்த்தே ஏற்பது என்றாகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதை உணர்ந்து வேறு வழியில் போயிருக்கிறது. உறுப்பு நாடுகளில் 110-க்கும் மேற்பட்ட உரிம மாதிரிகள் புழக்கத்தில் இருந்த நிலையை மாற்றி, 2013 ஜனவரி 19 முதல் எல்லாருக்கும் ஒரே வடிவ அட்டை என்று கொண்டுவந்தார்கள். பழையவை அனைத்தும் 2033-க்குள் மறைந்துவிட வேண்டும். அட்டையின் அளவும் எழுத்துகளும் ஒன்றானது அதில் சிறிய பகுதிதான். ஓட்டுநரைத் தேர்வு செய்யும் அதிகாரிக்கு இருக்க வேண்டிய தகுதி, தேர்வில் சோதிக்க வேண்டிய திறன்கள், கண்பார்வைக்கும் உடல்நலத்துக்கும் உரிய குறைந்தபட்ச அளவுகள் ஆகியவையும் அதே ஆணையில் எழுதப்பட்டுள்ளன. ஆசியான் தன் 1985 ஒப்பந்தத்தின்மேல் கட்ட வேண்டிய அடுத்த மாடி இதுதான் என்பது என் கருத்து. நாற்பது ஆண்டுகளாகியும் அஸ்திவாரத்தோடு நிற்கிறோம்.

புத்தகத்தில் சாலைப் பாதுகாப்போடு நேரடித் தொடர்புள்ள பகுதி ஒன்றே ஒன்றுதான், அதையும் யாரும் படிப்பதில்லை. 'விலக்குகள்' என்ற தலைப்பின்கீழ் வெற்றிடங்கள் விடப்பட்டிருக்கும். கடும் குற்றம் செய்த ஓட்டுநருக்குத் தன் எல்லைக்குள் ஓட்டும் உரிமையை மறுக்கும் நாடு, அதைக் காரணத்தோடு அங்கே எழுதி முத்திரையிடலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் தடை எழுதப்பட்ட புத்தகத்தைத் தொலைத்துவிட்டு அடுத்த ஆண்டு புதிது எடுத்தால் வெற்றிடம் மறுபடியும் வெள்ளையாகிவிடும். நம் கெஜாரா முறையில் ஒருவர் பேரில் சேர்ந்துள்ள குற்றப் புள்ளிகளுக்கும் புத்தகத்தில் இடமில்லை. சிவப்பு விளக்கை மீறுவதையே வழக்கமாக வைத்திருப்பவரும், வாழ்நாளில் ஒரு சம்மனும் வாங்காதவரும் சென்னைக் கடைக்காரர் கண்ணுக்கு ஒன்றுதான். இதற்கு மருந்து தாளில் இல்லை, இலாகாக்களுக்கிடையே தகவல் ஓடுவதில் இருக்கிறது. ஐரோப்பாவில் ரெஸ்பர் என்ற வலையமைப்பின் வழியாக ஒரு நாட்டின் உரிம அலுவலகம் மற்ற நாட்டின் பதிவைச் சரிபார்க்க முடிகிறது. ஓரிடத்தில் உரிமம் பறிக்கப்பட்டவர் பக்கத்து நாட்டில் போய்ப் புதிது வாங்குவதைத் தடுப்பதற்காக அமைத்தது அது. மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஜொகூர் பாலத்தின் இரு கரைக்கும் அப்படி ஒன்று அவசரமாகத் தேவை.

விலையைப் பற்றியும் ஒரு சொல். நம் கார் உரிமத்தைப் புதுப்பிக்க ஆண்டுக்கு 30 ரிங்கிட். ஆக, ஓராண்டுப் புத்தகம் ஐந்தாண்டு உரிமத்தின் விலை. இந்தியாவில் இதே அனுமதிக்குக் கட்டணம் 1,000 ரூபாய், பிரிட்டனில் 5.50 பவுண்டு; இரண்டுமே நம் கட்டணத்தில் பாதியைக்கூடத் தொடாது. விடுமுறைக்கு ஒரு வாரம் போய்வரும் குடும்பத்துக்கு இது உறுத்தத்தான் செய்யும். அதற்காக இணையத்தில் மலிவாக விற்கும் 'அனைத்துலக உரிமம்' பக்கம் போய்விட வேண்டாம். மூன்றாண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு செல்லுபடி என்று பளபளக்கும் பிளாஸ்டிக் அட்டையோடு அவை வருகின்றன. மலேசிய உரிமத்தின்மேல் கிடைக்கக்கூடிய உண்மையான அனுமதிக்கு ஓராண்டுதான் ஆயுள் என்பதை நினைவில் வைத்திருந்தால் ஏமாற வேண்டியதில்லை. சீனப் பெருநிலத்துக்குப் போகிறவர் உண்மையானதை எடுத்தும் பயனில்லை. சீனா இரு உடன்படிக்கைகளிலும் சேராததால் இந்தப் புத்தகம் அங்கே செல்லாது.

கைப்பேசியில் உரிமத்தைக் காட்டிப் பழகிவிட்டவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2023 பிப்ரவரியிலிருந்து சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலியில் இருக்கும் மின்னியல் உரிமம் உள்நாட்டில் செல்லுபடியாகிறது, அதனால் பலர் அட்டையை அச்சிட்டுக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். கைப்பேசி உரிமத்துக்கான அனைத்துலகத் தரம் 2021-இலேயே வெளிவந்திருந்தாலும், வெளிநாட்டுக் காவலரோ வாடகைக் கடைக்காரரோ கேட்பது அட்டையைத்தான். புத்தகத்துக்கு விண்ணப்பிக்கும்போதே அட்டையையும் புதுப்பித்துக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், முகப்பிடச் சேவைக்கு நாலரை, பயணத் துணையாகப் புத்தகத்துக்கு மூன்றரை, சாலைப் பாதுகாப்புக் கருவியாக ஒன்று. அந்த ஒன்றும் வகைக் கட்டங்களுக்காகத்தான்.

எடுக்கப் போகிறவர்கள், குறிப்பாக நம்மவர்கள், முகப்பிடத்தை விட்டு நகர்வதற்கு முன்பு பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜெனீவா மாதிரிப் புத்தகம் குடும்பப் பெயரையும் பிற பெயர்களையும் தனித்தனி வரியில் கேட்கிறது. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, அடையாள அட்டையில் நடுவே 'ஏ/எல்' (மகன்) அல்லது 'ஏ/பி' (மகள்) போட்டு அப்பா பெயர்தான் வருகிறது. அப்பா பெயர் முதல் வரியில் தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டால், கடப்பிதழில் இருக்கும் ஆளும் புத்தகத்தில் இருக்கும் ஆளும் வேறு வேறு என்று எண்ணி வெளியூர்க் கடைக்காரர் தயங்குவார். கடப்பிதழில் உள்ள வரிசையிலேயே முழுப் பெயரையும் எழுதித் தரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் அதிகாரி எழுதித் தருகிறார். முத்திரை விழுந்தபின் திருத்துவது கடினம்.